தாத்தாவின் பவர் ஹவுஸைப் பழைய இரும்புக்குப் போகாமல் காப்பாற்றுவது எப்படி?

டிக்கோயா பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் டிக்கோயாப் பக்கம். பேர் வேண்டாம், ஏன் என்று கீழே புரியும். ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, மூடி 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டோருக்குக் கீழே ஆற்றோரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு கல் கட்டடம் இருக்கிறது. அதுதான் பவர் ஹவுஸ், ஆற்றுத் தண்ணீரை வைத்து ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் கரண்ட் எடுத்த இடம். எங்கள் தாத்தா 1951இல் அதில் வேலைக்குச் சேர்ந்து 1978இல் நின்றார். தோட்டத்தில் அவருக்குப் பேரே டைனமோக்காரர். இன்றைக்கும் வயசானவர்கள் என்னை "டைனமோக்காரர் பேரன்" என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். இரண்டடிக் குறுக்களவில் ஒரு பெல்டன் சக்கரம், தண்ணீர் பீச்சி அடித்துச் சுற்றுகிற டேர்பைன். அதைச் சுற்றி 20 இரட்டைக் கிண்ணங்கள், அதில் இரண்டுக்கு விளிம்பு உடைந்திருக்கிறது. தண்ணீர் பீச்சுகிற மூக்கின் துவாரம் ஒன்றரை அங்குலம், நானே டேப் வைத்து அளந்தேன். மேலே தொட்டிக்கும் இதற்கும் 200 அடி இறக்கம் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். சக்கரத்திலிருந்து தோல் வார் போய், கரண்ட் உண்டாக்கும் ஒரு ஆல்ட்டர்னேட்டரைச் சுற்றும். அதன் தகட்டில் 25 கேவிஏ, 400 வோல்ட், 1000 சுற்று என்று இருக்கிறது. டேர்பைன் தகட்டில் கில்க்ஸ், கெண்டல், இங்கிலாந்து என்றும் ஒரு நம்பரும் 500 சுற்று என்றும் இருக்கிறது. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்புக் கல் பலகை, அதில் செப்புக் கத்தி மாதிரி சுவிட்ச்சுகள், இரண்டு மீட்டர். மூலையில் எண்ணெய் நிரப்பிய ஒரு இரும்புப் பெட்டி. அலுமாரியில் மூன்று பதிவுப் புத்தகம், பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. இரும்புக் குழாயை எப்போதோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கவர்னர் என்று இரண்டு உருண்டை சுற்றுகிற ஒன்றும் இருக்கிறது, சக்கரத்தின் வேகத்தைச் சீராக வைப்பது அதுதான். அதன் வார் அடிக்கடி அறுந்துபோகுமாம். அப்போதெல்லாம் தாத்தா வால்வுச் சக்கரத்தைப் பிடித்தபடி மேலே பங்களா லைட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். லைட் வெளுத்தால் கால் சுற்று மூடு, சிவந்தால் கால் சுற்றுத் திற. இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்தால் வீட்டில் குப்பி விளக்கு. எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது 1996இல். தாத்தா அதைப் பார்க்கவில்லை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். இப்போது தோட்டத்தைப் பார்க்கிறவர்கள் உள்ளே இருப்பதைக் கிலோக் கணக்கில் விற்கப் போகிறார்கள். நாங்கள் போய்க் கேட்டதற்கு, "இரண்டு மாதத்துக்குள் தூக்கிக்கொண்டு போக முடிந்தால் போங்கள், இல்லையென்றால் வியாபாரி வருவான்" என்றார்கள். வாயால்தான் சொன்னார்கள். எங்கள் இளைஞர் மன்றத்தில் சிலர் சக்கரத்தை மட்டும் கழற்றி, சில்வர் பெயிண்ட் அடித்து, கோயில் சந்தியில் சிமெந்துத் திண்டு கட்டி வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நான் ஹட்டனில் போன் திருத்துகிறவன். 5 வோல்ட் தெரியும், 400 வோல்ட் தெரியாது. இதைத் திரும்ப ஓட வைக்க முடியுமா? இல்லை சும்மா வைத்துக் காப்பாற்றுவதுதான் நல்லதா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

நோட்டன் போர்மன்:

தம்பி, முதல் வேலையாக அந்த சில்வர் பெயிண்ட் டின்னை ஒளித்து வை.

நான் மின்சார சபையில் லக்ஷபான நீர்மின் நிலையப் பக்கம் 34 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். உன் தாத்தா மாதிரி ஆட்கள் இரண்டு பேரிடம் சின்ன வயதில் வேலை பழகியிருக்கிறேன். காதால் கேட்டே லோட் சொல்வார்கள்.

வாயால் சொன்னதை நம்பி ஒரு போல்ட்டையும் திருகாதே. கடிதம் வாங்கு. எந்தெந்தப் பொருள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் தூக்கினால் நாளைக்குத் திருட்டு என்பார்கள்.

கடிதம் வந்த பிறகும் உடனே கழற்றாதே. ஒரு முழு நாள் படம் எடு. எட்டி நின்று, கிட்ட நின்று, வார் எந்தப் பக்கம் போகிறது, எந்த வயர் எந்தத் திருகுக்குப் போகிறது, எல்லாம். ஒவ்வொரு துண்டுக்கும் துணி நாடாவில் இந்தியன் இங்கால் நம்பர் எழுதிக் கட்டு. சாக்கட்டியால் எழுதினால் டிக்கோயா மழைக்கு ஒரு வாரம் தாங்காது. தகட்டின் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய், சின்னப் பிள்ளைகள் சல்லிக்காசு தேய்க்கிற மாதிரி. தகடு தொலைந்தாலும் நம்பர் மிஞ்சும். கெண்டலில் அந்தக் கம்பனி இன்றைக்கும் டேர்பைன் செய்துகொண்டுதான் இருக்கிறது. நம்பரை அனுப்பி, எந்த வருடம் செய்தது, எத்தனை அடி இறக்கத்துக்குச் செய்தது என்று கேட்டுப் பார், அதில் வெட்கம் இல்லை. இன்னொன்று, பித்தளை என்றதும் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள். வேண்டாம். நாலு தரம் அப்படித் தேய்த்தால் எழுத்து மழுங்கிவிடும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

அந்தக் கறுப்புப் பலகை சிலேட் கல். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதிய அதே கல்தான், தடிப்பு மட்டும் அதிகம். படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் வெடிக்கும். கண்ணாடி கொண்டுபோகிற மாதிரி நிறுத்தியே தூக்கு, இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டு. சுவிட்ச்சுகளைச் சுற்றியும் வயரிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு, கயிறு மாதிரி ஏதாவது இருந்தால் கல்நாராக இருக்கும் என்றே வைத்துக்கொள். சுரண்டாதே, ஊதாதே. ஈரத்துணி போட்டு மூடி, பிளாஸ்டிக்கில் சுற்றி வை.

மூலையில் இருக்கிற எண்ணெய்ப் பெட்டிதான் எனக்குப் பயம். பழைய காலத்துச் சாமான்களில் பிசிபி என்ற நஞ்சு கலந்த எண்ணெய் இருக்கலாம். பெட்டி செய்தபோது நல்ல எண்ணெயாக இருந்திருந்தாலும், பிறகு ஊற்றியது எது என்று யாருக்குத் தெரியும்? பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, பரிசோதித்தால்தான் தெரியும். சாய்க்காதே, வடிக்காதே, வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்காதே. முக்கியமாக, முழங்கால் வலிக்குத் தடவ என்று யாராவது போத்தலோடு வந்தால் விரட்டு. சிரிக்காதே, அப்படித் தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதிக் கேள்.

ஓட வைப்பதா என்ற கேள்விக்கு என் பதில்: ஆல்ட்டர்னேட்டரை ஓட்டாதே. உள்ளே சுற்றியிருப்பது பருத்தி நூலும் வார்னிஷும். இத்தனை வருடப் பனி அதில் ஊறியிருக்கும். கரண்ட் கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெகர் மீட்டர் வைத்துப் பார், 1 மெகோமுக்குக் கீழே காட்டினால் கரண்டைப் பற்றி நினைக்கவே கூடாது. பழைய 100 வாட் குண்டு பல்ப் இரண்டை உள்ளே எரியவிட்டு, தார்ப்பாயால் மூடி, காற்றுப் போக வழி விட்டு, பத்து நாள் காயவை. அதன்பின் மறுபடி பார். ஏறினாலும் அது காட்சிக்குத்தான். மாதம் ஒரு தடவை பெயாரிங்கில் எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிறுத்து. அது போதும்.

கொட்டகலை டீச்சர்:

போர்மன் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் மாணவர்களுக்கும் காட்டினேன். ஆனால் தம்பி, எனக்கு ஒரு கசப்பான கேள்வி இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

அந்தச் சக்கரம் யாருக்கு வெளிச்சம் கொடுத்தது? ஸ்டோருக்கும் பங்களாவுக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தாத்தா வீட்டில் குப்பி விளக்கு என்று. நான் வளர்ந்த லயத்திலும் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு மண்ணெண்ணெய்ப் புகையில் படித்து, காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். எங்கள் மலைத் தண்ணீரை வைத்து நாடு முழுக்க விளக்கு எரிந்தது. மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. நல்ல வரட்சி வந்து தண்ணீர் வற்றினால் பழைய கோயில் தலையைக் காட்டும், நாங்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இதையெல்லாம் சொல்லாமல், சக்கரத்தை மட்டும் துடைத்து வைத்தால் அது துரைமாரின் நினைவுச் சின்னம் ஆகிவிடாதா?

வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த மூன்று புத்தகமும் சக்கரத்தைவிட முக்கியம். அவற்றை வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் சுருண்டு உடையும். நிழலில், காற்று வருகிற இடத்தில், பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்து, தாளை அடிக்கடி மாற்றுங்கள். பூஞ்சணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் வெளியே நின்று தட்டுங்கள். ஒட்டியிருக்கிற பக்கத்தைப் பிரிக்கவே வேண்டாம். போன் திருத்துகிற ஆள், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்தால் எழுதுங்கள், அதில் கையெழுத்து யாருடையது?

பண்டாரவளை லேத்:

மச்சான், நான் போர்மன் ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன், பாதி சண்டை.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கிராமத்து நீர்மின் திட்டங்களுக்கு ஏழெட்டுப் பெல்டன் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறேன். நிற்கிற சக்கரத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், ஓடுகிற சக்கரத்தை விட்டு நகர மாட்டார்கள். ஓட வைக்க வழி இருக்கும்போது ஏன் பொம்மையாக வைக்க வேண்டும்?

நீ கொடுத்த அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். 200 அடி என்பது 61 மீட்டர். அந்த உயரத்திலிருந்து வரும் தண்ணீர் மூக்கை விட்டு வெளியே வரும்போது வினாடிக்கு 34 மீட்டர் வேகம். கிண்ணம் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினால்தான் பலன் அதிகம். இரண்டடிச் சக்கரத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று. தகட்டில் இருக்கிறதும் 500தான்! ஆகவே தாத்தா சொன்ன 200 அடி சரி. ஒன்றரை அங்குல ஓட்டையில் வினாடிக்கு 38 லீட்டர் போகும். 9.81, 61, 38, மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 22 கிலோவாட்டுக்கு மேல். தேய்மானம் எல்லாம் போக 15, 16 கைக்கு வரும். இப்போதைய எல்ஈடி பல்ப் போட்டால் உங்கள் லயம் அத்தனைக்கும் இது ஏராளம். டீச்சருக்கும் அதுதான் என் பதில், இந்தத் தடவை லயத்துக்கு எரியட்டும்.

பழைய ஆல்ட்டர்னேட்டரைத் தொட வேண்டாம், அதில் ஐயா சொன்னது சரி. அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாதாரண இண்டக்ஷன் மோட்டர் ஒன்றைக் கெப்பாசிட்டர் போட்டு ஜெனரேட்டராக ஓட்டலாம். கிராமத்துத் திட்டங்களில் அப்படித்தான் ஓடுகிறது. கவர்னருக்குப் பதில் ஒரு எலக்ட்ரோனிக் லோட் கண்ட்ரோலர். வீட்டில் லைட்டை அணைத்தால் மிச்சக் கரண்டைத் தண்ணீர் சூடாக்கும் கம்பிக்குத் திருப்பிவிடும், வேகம் ஏறாது. குழாய்க்கு டைப் 1000 பிவிசி போடு. 61 மீட்டர் என்றால் 6 பார் அழுத்தம், டைப் 600 அதன் எல்லையில்தான் நிற்கும். வால்வைச் சட்டென்று மூடினால் தண்ணீர் அடித்து வெடிக்கும்.

நோட்டன் போர்மன்:

பண்டாரவளைக்காரருக்கு. கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் லோட் கண்ட்ரோலர் பழுதானால் என்ன நடக்கும் என்று எழுதவில்லையே? லோட் இல்லாமல் தண்ணீர் மட்டும் அடித்தால் பெல்டன் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்துக்கு ஏறும். 500 சுற்று 900 ஆகும். வார்ப்பிரும்புக் கிண்ணம், இரண்டு ஏற்கெனவே உடைந்தது, மிச்சப் 18இல் எதில் வெடிப்பு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று பறந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டத்தான் வேண்டும் என்றால் புதுச் சக்கரம் ஒன்றை நீங்களே செய்து கொடுங்கள், பழையதைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பழையதையே ஓட்டினால் சாயம் விட்டு வெடிப்புப் பார்க்காமல் தண்ணீர் திறக்கக் கூடாது. மூக்குக்கு முன்னால் தண்ணீரைத் திருப்பிவிடும் தகடும் கட்டாயம் வேண்டும். வால்வைச் சட்டென்று மூட முடியாது என்பதற்குத்தான் அந்தக் காலத்திலேயே அந்தத் தகட்டை வைத்தார்கள். தம்பி, உன் மூக்கு இருக்கிற இடத்தில் அப்படி ஒன்று தொங்கும், பார்.

டீச்சர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இந்த மலைத் தண்ணீரால் நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். லக்ஷபானவில் முதல் கட்டம் ஓடியது 1950இல். 32 வருடம்! 8.33 மெகாவாட் இயந்திரம் மூன்று. நல்லவேளை மனிதர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1953இல் கண்ணை மூடினார். அவர் பேரில் ஒரு மின் நிலையம் இருக்கிறது, பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த 32 வருடமும் ஒவ்வொரு தோட்டத்து ஆற்றிலும் சின்னச் சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சுற்றியவர்களுடைய பேர் ஒரு பாடத்திலும் இல்லை. ஆகவே டீச்சர், வைக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

கொட்டகலை டீச்சர்:

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலகையில் கெண்டல் என்று எழுதுகிற இடத்தில் லயத்துக்குக் கரண்ட் வந்த வருடத்தையும் எழுத வேண்டும்.

கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பழைய தேயிலைத் தொழிற்சாலையையே அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள், இயந்திரங்களை நன்றாக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கொடுப்பதைப் பற்றி யோசித்தீர்களா? கந்தப்பளையில் பழைய ஸ்டோர் ஒன்றை ஹோட்டலாக மாற்றியபோதும் பழைய எஞ்சினைத் தூக்கி எறியாமல் வைத்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே உள்ளே போய்ப் பார்க்க என் சம்பளம் போதாது.

டிக்கோயா பேரன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாகப் பதில் எழுத நேரமில்லை.

கடிதம் கிடைத்துவிட்டது. இழுத்தடித்தார்கள், கடைசியில் பொருட்களின் பட்டியலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பெட்டியைப் பட்டியலில் சேர்க்காதே என்று தோட்டத்து எலக்ட்ரீசியனே காதில் சொன்னார். அது அங்கேயே கிடக்கிறது, சங்கிலி போட்டுச் சுற்றாடல் சபைக்கு எழுதியிருக்கிறோம்.

ஹந்தானையைப் பற்றி யோசித்தோம், டீச்சர். அங்கே போனால் பத்திரமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் ஆற்றுச் சத்தம் இல்லாத இடத்தில் அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பேராசைதான். கட்டடத்தையும் ஐந்து வருடத்துக்குக் கேட்டிருக்கிறோம். தகரக் கூரையை மாற்றித் தந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சு நடக்கிறது. சக்கரத்தை ஓட்டவில்லை. பண்டாரவளை மச்சான் போன ஞாயிறு வந்து பார்த்தார். சாயம் விட்டதில் இன்னும் மூன்று கிண்ணத்தில் முடி மாதிரி வெடிப்பு. போர்மன் ஐயாவுக்குப் போன் போட்டு, "நீங்கள் வென்றீர்கள்" என்றார். தண்ணீரைத் திருப்பும் தகடும் இருந்தது, துருவில் ஒட்டிப்போய், ஐயா சொன்ன அதே இடத்தில். புதுச் சக்கரம் வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது பிறகு. முதலில் கூரை.

மெகர் வாசிப்பு 0.2. பல்ப் எரிகிறது. கறுப்புப் பலகையை எட்டுப் பேர் நிறுத்தியே தூக்கி, வெடிக்காமல் இறக்கினோம். பெயிண்ட் டின்னைக் கோயில் கேட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கேட் பளபளவென்று இருக்கிறது.

டீச்சர் கேட்டதற்குப் பதில். புத்தகத்தில் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி. திறந்த நேரம், மூடிய நேரம், வோல்ட், ஆம்ப். எழுத்து இங்கிலீஷில், ஸ்டோர் கிளாக்கர் அடுத்த நாள் காலையில் கேட்டு எழுதியது போல இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கையெழுத்துக்குப் பதில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. 1957 ஜூலையில் ஒரு வரி: 8.40க்கு நிறுத்தம், காரணம் மூக்கில் தவளை, 9.15க்கு மறுபடி ஓட்டம். அதற்கு நேரேயும் கைநாட்டு, அன்றைக்கு மட்டும் மை கலைந்திருக்கிறது, கை ஈரமாக இருந்திருக்கும். 212 பக்கம் படம் எடுத்துவிட்டேன், ஒட்டிப்போன பக்கங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்போது ஒரே ஒரு தடங்கல். கூரை வேலைக்கு ஏணி வைத்தால், வளைக்குக் கீழே பெரிய குளவிக் கூடு. போன மாதம்தான் எங்கள் மலையில் கொழுந்தெடுத்த நாலு பேரைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதனால் ஒருத்தரும் ஏற மாட்டேன் என்கிறார்கள். நெருப்பு வைக்க முடியாது, கீழே தோல் வார் இருக்கிறது. இரவில் வந்து கூட்டை எடுத்துத் தருகிற ஆள் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் யாருக்காவது தெரியுமா?